ராணுவ வான்வெளியைச் சுற்றிப் புதிய வான்பாதை எப்படிப் போடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "விமானம் பறப்பதைச் செயலியில் பார்க்கிறேன். நேராகப் போகவேண்டிய இடத்தில் வளைந்து போகிறது. கேட்டால், அது விமானப்படையின் வான்வெளி, சுற்றித்தான் போகவேண்டும் என்கிறார்கள். அப்படியானால் அதை ஒட்டியே புதிதாக ஒரு பாதை போட்டுவிடலாமே? ஜி.பி.எஸ். வந்த பிறகும் இதற்கு ஏன் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது? யார்தான் முடிவு செய்கிறார்கள்?"

என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில், ராடார் திரைக்கு முன்னால் கழிந்தது. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாக வேண்டுமென்றால் இப்படிச் சொல்லலாம்: வரைபடத்தில் கோடு போட ஒரு மதியப்பொழுது போதும். அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள், ஒருவர் சொல்லும் நேரத்தை இன்னொருவர் நம்பி விமானத்தை அனுப்பச் சம்மதிப்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

முதலில் அந்தப் பெட்டிகளைப் புரிந்துகொள்வோம். வான்வெளி வரைபடத்தில் மூன்று வகை இருக்கும்: தடை செய்யப்பட்ட பகுதி, கட்டுப்பாட்டுப் பகுதி, ஆபத்துப் பகுதி. குறியீட்டில் பி (P), ஆர் (R), டி (D) என்ற எழுத்தும் பின்னால் ஓர் எண்ணும் வரும். டெல்லியில் ராஷ்டிரபதி பவனுக்கு மேலே இருப்பது முதல் வகை. அங்கே பேச்சுக்கே இடமில்லை. விமானப்படை பயிற்சி எடுக்கும் இடங்கள், பீரங்கி சுடும் மைதானங்கள், ஏவுகணைச் சோதனை நடக்கும் இடங்கள் எல்லாம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வகையில் வரும். இவற்றைச் செயலியில் நிறம் பூசிய தட்டையான வடிவங்களாகப் பார்த்துப் பழகிவிட்டதால் ஒன்றை மறந்துவிடுகிறோம். ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு பெட்டி. அதற்கு அடியும் உண்டு, உச்சியும் உண்டு, நேரமும் உண்டு. தரையிலிருந்து 20,000 அடி வரை மட்டும் உயிரோடு இருக்கும் பெட்டிக்கு மேலே 35,000 அடியில் பயணிகள் விமானம் தாராளமாகப் போகலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் மட்டும் இயங்கும் பெட்டி ராத்திரியில் வெறும் காற்றுதான். பாதை போடுகிறவனுக்கு இந்த மூன்று அளவுகளும் மூன்று கதவுகள் மாதிரி. பக்கவாட்டில் சுற்றுவது அதில் ஒரு கதவு மட்டுமே. எல்லாரும் முதலில் போய்த் தட்டுவது அதைத்தான். எனக்கு அது மூன்றிலும் மட்டமான வழி.

கடல் பக்கம் விதி வேறு. ஒரு நாட்டின் இறையாண்மை கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் (ஒரு கடல் மைல் என்பது 1.85 கிலோமீட்டர்). அதைத் தாண்டிய சர்வதேசக் கடலுக்கு மேலே யாரும் யாரையும் தடை செய்ய முடியாது. "இங்கே ஆபத்து இருக்கிறது" என்று எச்சரிக்க மட்டுமே முடியும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போதும், ஒடிசா கரையில் அப்துல் கலாம் தீவிலிருந்து ஏவுகணை சோதிக்கும்போதும் வங்கக் கடலின் பெரிய பரப்புகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வரும். சட்டப்படி அது எச்சரிக்கைதான். ஆனால் எந்த நிறுவனமும் அதற்குள் விமானத்தை விடாது. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கும் (பழைய போர்ட் பிளேர்) சிங்கப்பூர் பக்கமும் போகும் பாதைகள் அந்த மணிநேரங்களுக்கு மாற்றி வகுக்கப்படும். 1944ஆம் ஆண்டு சிகாகோ ஒப்பந்தத்தின் 3வது பிரிவு, அரசு விமானங்கள் பயணிகள் விமானங்களின் பாதுகாப்பை உரிய முறையில் மனத்தில் கொள்ளவேண்டும் என்கிறது. நாடுகள் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று கொடுத்த வாக்கு அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் அதன்மேல் கட்டியவை.

சரி, சுற்றிப் போவதன் கணக்கைப் பார்ப்போம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 300 கடல் மைல் இருக்கிறது, சரியாக நடுவில் ஒரு ராணுவப் பெட்டி, அதைத் தவிர்க்கப் பக்கவாட்டில் 30 கடல் மைல் விலகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புறப்படும் புள்ளியிலேயே மெல்ல விலகத் தொடங்கினால் கூடுதல் தூரம் வெறும் 6 கடல் மைல். ஒரு நிமிடம்கூட இல்லை. அதே விமானம் பெட்டிக்கு மிக அருகே வந்த பிறகு 45 டிகிரி திரும்பி விலகி, பிறகு மறுபடி 45 டிகிரியில் பழைய கோட்டுக்குத் திரும்பினால் கூடுதல் தூரம் 25 கடல் மைல். ஏ320 மாதிரியான விமானம் பயண உயரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 கிலோ எரிபொருள் குடிக்கும். மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம், 130 கிலோ. ஒரு நாளைக்கு நூறு விமானம் அந்த வழியில் போனால் 13 டன். ஆக, வளைவு இருப்பது பெரிய நஷ்டம் இல்லை. வளைவு தாமதமாகத் தொடங்குவதில்தான் பணம் கரைகிறது.

அப்படியானால் எல்லாப் பாதையையும் சீக்கிரமே வளைத்துவிடலாமே? முடியாது. ஒரு பெட்டியைத் தவிர்க்க 150 கடல் மைலுக்கு முன்பே விலகத் தொடங்கினால், அந்த 150 மைலுக்குள் இன்னொரு பெட்டி இருக்கும், வேறொரு பெரிய விமான நிலையத்தின் இறங்குபாதை இருக்கும், குறுக்கே போகும் நாலு வான்பாதைகள் இருக்கும். நடுவே அடுத்த கட்டுப்பாட்டு மையத்தின் எல்லையும் வந்துவிடும். இந்திய வான்வெளி டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரும் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பகுதியில் இருக்கும் பெட்டிக்காக அடுத்த பகுதியில் பாதையைத் திருப்பவேண்டும் என்றால், அந்தப் பகுதிக்காரர்களுக்கு அதனால் எந்த லாபமும் இல்லாமல் வேலைமட்டும் கூடும். அவர்களைச் சம்மதிக்க வைப்பதே ஒரு தனி வேலை.

இனி "ஒட்டியே போடலாமே" என்ற உங்கள் கேள்வி. எவ்வளவு ஒட்டி? ஆர்நேவ் 5 என்ற வழிசெலுத்தல் துல்லியத் தகுதியோடு பறக்கும் விமானம், பறக்கும் நேரத்தில் 95 சதவீதம் மையக்கோட்டிலிருந்து 5 கடல் மைலுக்குள் இருக்கும் என்று உறுதி தருகிறது. நடைமுறையில் பெரும்பாலான விமானங்கள் கோட்டின்மேலேயே போகும் என்பது வேறு விஷயம். நாம் கணக்குப் போடவேண்டியது மிச்சமிருக்கும் 5 சதவீதத்துக்கு. மறுபக்கம், பெட்டிக்குள் இருக்கும் போர் விமானம் சுழன்று சண்டைப் பயிற்சி செய்கிறது. அதன் விமானி எல்லைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு பறப்பதில்லை. எதிரே இருக்கும் விமானத்தைப் பார்த்துப் பறக்கிறார். மணிக்கு 540 கடல் மைல் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 9 கடல் மைல். நீங்கள் 10 கடல் மைல் இடைவெளி விட்டிருந்தால், ஒரு தவறைப் பார்த்து, புரிந்து, பேசி, திருப்புவதற்கு மொத்தமாக ஒரு நிமிடம்தான் கையில் இருக்கிறது.

திருப்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. விமானம் மூலைப்புள்ளிக்கு மேலே போய் நின்று திரும்புவதில்லை. புள்ளிக்கு முன்பே சாயத் தொடங்கி, மூலையை உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். ஒரு பெட்டியைச் சுற்றி வளைக்கும்போது பெட்டி எப்போதும் திருப்பத்தின் உள்பக்கத்தில்தானே இருக்கும்? வெட்டுவதும் அந்தப் பக்கம்தான். உயரத்தில், மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில், 25 டிகிரி சாய்ந்து திரும்பும் விமானத்தின் திருப்பு ஆரம் ஏறக்குறைய 7 கடல் மைல். 90 டிகிரி திருப்பம் என்றால் மூலைப்புள்ளியிலிருந்து சுமார் 3 கடல் மைல் உள்ளே வெட்டிவிடும். 30 டிகிரி என்றால் கால் மைல்தான். அதனால்தான் ஒரே செங்குத்துத் திருப்பத்தைவிட இரண்டு மூன்று சிறிய திருப்பங்களை விரும்புகிறோம். வரைபடத்தில் புள்ளிகள் கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜி.பி.எஸ். பற்றிக் கேட்டீர்கள். அதற்குப் பின்னாலேயே ராணுவ வான்வெளி பற்றிய ஒரு துயரம் இருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று கொரியன் ஏர் லைன்ஸ் 007 விமானம் அலாஸ்காவிலிருந்து சியோலுக்குப் போகும் வழியில் பாதை தவறியது. அது போகவேண்டிய ஆர் 20 பாதை, வட பசிபிக் பாதைகளிலேயே சோவியத் எல்லைக்கு மிக நெருக்கமானது. தானியங்கிக் கருவி சரியான நிலையில் வைக்கப்படாததால் விமானம் சோவியத் பகுதிகளான கம்சாட்காவுக்கு மேலேயும் பிறகு சாகலினுக்கு மேலேயும் போய்விட்டது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேரும் இறந்தார்கள். அந்த மாதமே அமெரிக்கா, ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்கள் விமானங்களும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதற்கு முன் நிலத்துக்கு மேலே வான்பாதை என்றால் பெரும்பாலும் தரையில் இருக்கும் ஒரு ரேடியோ நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் போகும் கோடு. நிலையம் எங்கே இருக்கிறதோ பெரும்பாலும் அங்கேதான் பாதை திரும்பும். இப்போது அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தால் போதும், நிலையமே இல்லாத இடத்திலும் திருப்பம் வைக்கலாம். பாதையை நாம் நினைத்த இடத்தில் போட முடிகிறது என்றால் அதன் தொடக்கம் அந்த இரவு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் இதை மறக்காமல் சொல்வேன்.

ஆனால் தொழில்நுட்பம் தீர்த்தது கோட்டை மட்டும். நெரிசலைத் தீர்க்கவில்லை. ராணுவப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சந்து மட்டும் விட்டால், நாலா பக்கமிருந்தும் வரும் விமானங்கள் அந்தச் சந்தில் வந்து குவியும். இதன் விலையை இந்தியா கண்ணால் பார்த்தது, 1996 நவம்பர் 12 மாலையில், ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே. டெல்லியிலிருந்து சவுதி அரேபியாவின் தஹ்ரானுக்குக் கிளம்பிய சவுதியா 763, ஒரு போயிங் 747. எதிரே ஷிம்கென்ட்டிலிருந்து டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கசகஸ்தான் ஏர்லைன்ஸின் ஐ.எல். 76. கிளம்பும் விமானத்துக்கு 14,000 அடி, இறங்கும் விமானத்துக்கு 15,000 அடி என்று சொல்லப்பட்டிருந்தது. இறங்கிய விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே வந்துவிட்டது. 349 பேர் இறந்தார்கள். நடுவானில் இரண்டு விமானங்கள் மோதி இவ்வளவு பேர் இறந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

தவறு எங்கே நடந்தது என்பதில் சந்தேகம் இல்லை. கசகஸ்தான் விமானக்குழு கொடுத்த உயரத்தை மீறி இறங்கியது. விபத்தை விசாரித்த நீதிபதி லகோட்டி ஆணையமும் அதைத்தான் சொன்னது. ஆனால் எங்கள் தொழிலில் அதோடு கேள்வி நிற்காது. இரண்டும் ஏன் ஒரே கோட்டில் நேருக்கு நேர் வந்தன? டெல்லியைச் சுற்றியுள்ள வான்வெளியில் பெரும்பகுதி விமானப்படையின் கையில் இருந்தது. பயணிகள் விமானங்களுக்கு விட்டிருந்த வழியில்தான் வருகிறவையும் போகிறவையும் பறந்தன. அன்றைக்கு அங்கே இருந்த ராடார் விமானத்தின் இடத்தைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. ஆக இரண்டு விமானங்களுக்கும் நடுவே இருந்த ஒரே பாதுகாப்பு அந்த ஆயிரம் அடி. ஒருவர் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் வேறெதுவும் தாங்கிப் பிடிக்காது. விபத்துக்குப் பிறகு வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதைகள் வந்தன, விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. அந்தத் தனிப் பாதைக்கான இடம் எங்கிருந்து வந்திருக்கமுடியும்? விமானப்படை விட்டுக்கொடுத்த வானத்திலிருந்துதான். ஒரு பாதையைப் பற்றிப் பேசும்போது எரிபொருள் மிச்சம் என்றே எல்லாரும் தொடங்குகிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆயிரம் அடி.

சரி, பக்கவாட்டில் சுற்றுவது நெரிசலை உண்டாக்குகிறது என்றால் மாற்று என்ன? நேரம். ஐரோப்பாவில் பல நாடுகளின் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது, அதில் பனிப்போர்க் கால ராணுவப் பகுதிகள் வேறு. 1996இலிருந்து அங்கே வான்வெளியை நெகிழ்வாகப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் அடிப்படை ஒரே வாக்கியம்: வான்வெளி ராணுவத்துடையதும் இல்லை, பொதுமக்களுடையதும் இல்லை, ஒரே வானம், அன்றன்றைய தேவைக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்வது. இதை மூன்று கட்டமாகச் செய்கிறார்கள். மேல்கட்டத்தில் அமைச்சகங்களும் படைகளும் உட்கார்ந்து எந்தப் பகுதி, எந்த விதி என்று ஒத்துக்கொள்வார்கள். நடுக்கட்டத்தில் இரு தரப்பும் சேர்ந்த ஒரு பிரிவு, நாளைக்கு யாருக்கு எந்த இடம் எத்தனை மணிக்கு என்று முந்தைய நாளே ஒதுக்கும். கடைசிக் கட்டம் அந்த நிமிடத்தில், இரண்டு கட்டுப்பாட்டாளர்கள் தொலைபேசியில் பேசி முடிப்பது.

இந்த முறையில் பிறந்ததுதான் நிபந்தனைப் பாதை, அதாவது ராணுவத்துக்கு அந்தப் பெட்டி தேவைப்படாத நேரத்தில் மட்டும் திறக்கும் பாதை. இதிலும் மூன்று ரகம். முதல் ரகத்தை, அறிவித்த மணிநேரங்களில் விமான நிறுவனம் தன் பறப்புத் திட்டத்திலேயே எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது ரகத்தை, அன்றைய ஒதுக்கீட்டு அறிவிப்பில் திறந்திருக்கிறது என்று வந்தால் மட்டும் எழுதலாம். மூன்றாவது ரகத்தைத் திட்டத்தில் எழுதவே கூடாது. பறந்துகொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டாளர் கொடுத்தால் உண்டு. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். நிறுவனத்துக்கோ இது பெரிய வித்தியாசம். முதல் ரகம் என்றால் எரிபொருளைக் குறைவாக ஏற்றிக்கொண்டு கிளம்பலாம், அந்த எடைக்குச் சரக்கு ஏற்றலாம். மூன்றாவது ரகம் என்றால் சுற்றுப்பாதைக்கான முழு எரிபொருளையும் சுமந்துகொண்டு கிளம்பவேண்டும். நடுவில் நேர்வழி கிடைத்தால் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். மிஞ்சிய எரிபொருளைச் சுமந்ததற்கே ஒரு பகுதி எரிபொருள் போயிருக்கும். எனவே ஒரு பாதை திறந்தது என்று செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது அது எந்த ரகம் என்பதைத்தான்.

இந்தியாவும் இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டது. ராணுவமும் சிவில் துறையும் சேர்ந்த ஒதுக்கீட்டுப் பிரிவுகள் வந்தன, நிபந்தனைப் பாதைகள் வந்தன. 2020 மே 16 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இந்திய வான்வெளியில் 60 சதவீதம்தான் தடையின்றிக் கிடைக்கிறது, கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் பலன் கிடைக்கும் என்று அறிவித்தார். அந்த 60 என்ற எண்ணைப் பலர் தவறாகப் படித்தார்கள். மிச்சமுள்ள 40 சதவீதம் முழுவதும் எப்போதும் பூட்டியே கிடந்தது என்று அர்த்தமில்லை. அதில் எத்தனையோ பகுதிகள் சில உயரங்களில், சில நேரங்களில், கேட்டால் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் கேட்காமலே கிடைக்கும் என்பதற்கும் இடையில்தான் பணமும் நேரமும் வேலைப்பளுவும் இருக்கின்றன.

இப்போது ஒரு புதிய பாதை காகிதத்திலிருந்து வானத்துக்கு ஏறும் கதை. கோரிக்கை பெரும்பாலும் விமான நிறுவனங்களிடமிருந்தோ கட்டுப்பாட்டு மையத்திலிருந்தோ வரும். விமான நிலைய ஆணையத்தின் வான்வெளித் திட்டமிடுபவர்கள் அதை வரைவார்கள். விமானப்படை, கடல் பக்கம் என்றால் கடற்படை, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ., எல்லாருடைய ஒப்புதலும் வேண்டும். பக்கத்து நாட்டைத் தொடும் சர்வதேசப் பாதை என்றால் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் பாங்காக் மண்டல அலுவலகம் வழியாக மற்ற நாடுகளோடும் பேசவேண்டும். இதற்கிடையே கேட்கவேண்டியவை நிறைய. அந்த வழி முழுக்க ரேடியோ எட்டுமா? 30,000 அடியில் பறக்கும் விமானத்தைத் தரையிலிருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ நிலையம் ஏறக்குறைய 200 கடல் மைல் வரைதான் எட்டும். ராடார் தெரிகிறதா? புதிய பாதை பழைய பாதைகளை எங்கே வெட்டுகிறது, அந்த வெட்டுமிடம் இரண்டு கட்டுப்பாட்டாளர்களின் எல்லையிலேயே விழுகிறதா? கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வியின் எடை தெரியும். ஒரு விமானத்தை ஒப்படைக்கும் அதே நொடியில் அது இன்னொன்றைக் கடக்கிறது என்றால், பொறுப்பு யாருடையது என்ற குழப்பம் அங்கேயே பிறந்துவிடும். நான் பார்த்த வரைவுகளில் அதிகம் திருப்பி அனுப்பப்பட்டவை இந்தக் காரணத்துக்காகத்தான், ராணுவம் மறுத்ததால் அல்ல.

பெயர் வைப்பதும் ஒரு வேலை. எல், எம், என், பி என்று தொடங்குபவை நாடுகளைக் கடக்கும் மண்டலப் பாதைகள். க்யூ, டி (T), ஒய், இசட் என்றால் உள்நாட்டுப் பாதைகள். ஒவ்வொரு திருப்புப் புள்ளிக்கும் வாயால் சொல்லக்கூடிய ஐந்தெழுத்துப் பெயர் வேண்டும். உலகம் முழுக்க வேறெங்கும் அந்தப் பெயர் இருக்கக்கூடாது, அருகில் இருக்கும் புள்ளியின் பெயர் மாதிரி ஒலிக்கவும் கூடாது. அதற்கென்று ஐ.சி.ஏ.ஓ.வின் பொதுத் தரவுத்தளம் இருக்கிறது.

எல்லாம் முடிந்தாலும் நாளையே திறக்க முடியாது. வான்வெளி மாற்றங்கள் உலகம் முழுக்க ஒரே நாள்களில்தான் அமலுக்கு வரும், 28 நாளுக்கு ஒரு முறை. அந்த நாளுக்குக் குறைந்தது 42 நாள் முன்பே அறிவிப்பு வெளியாகவேண்டும், பெரிய மாற்றம் என்றால் 56 நாள். விமானத்தின் கணினிக்குள் போகும் தரவைத் தயாரிப்பவர்கள் அதற்குள் புதிய பாதையைச் சேர்த்து முடிக்கவேண்டும். ஒரு சுற்றைத் தவறவிட்டால் இன்னும் நாலு வாரம். இதெல்லாம் வீண் தாமதம் என்று நினைக்காதீர்கள். ஒரு விமானத்தின் கணினியில் பாதை வளைந்தும் இன்னொன்றில் நேராகவும் இருக்கும் நாள் ஒன்று வந்தால், அதுதான் உண்மையான ஆபத்து.

ராணுவத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பதில் அரைகுறையாகிவிடும். போர் விமானப் பயிற்சிக்கு அகலமான இடம் வேண்டும், அதுவும் தளத்துக்கு அருகே வேண்டும். தொலைவில் கொடுத்தால் போகவும் வரவுமே எரிபொருள் தீர்ந்து, பயிற்சிக்குப் பத்து நிமிடம்தான் மிஞ்சும். தேவையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தஞ்சாவூர்த் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய் 30 போர் விமானப் படைப்பிரிவு வந்தது. சூலூரில் தேஜாஸ் விமானங்கள் வந்தன, கோயம்புத்தூர் விமான நிலையம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு தளத்துக்குப் புதிய விமானம் வந்தால் அதற்கு வேண்டிய வானமும் மாறும். இன்னொன்று, பெட்டி எந்த நேரத்தில் உயிரோடு இருக்கும் என்று முன்கூட்டியே துல்லியமாக அறிவித்தால் பயிற்சியின் ஒழுங்கையே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒதுக்கி வாங்கிய நேரத்தைப் பயன்படுத்தாமலே வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. பனிமூட்டத்தால் காலைப் பயிற்சி ரத்தாகிவிட்டது என்றால் உடனே தொலைபேசியை எடுத்து "விட்டுவிட்டோம்" என்று சொல்லவேண்டும். அந்த ஒரு அழைப்பு வந்தால் பத்து விமானம் நேராகப் போகும். வராவிட்டால் பத்தும் வெறும் வானத்தைச் சுற்றிக்கொண்டு போகும்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு எம் 503 பாதையைப் பாருங்கள். 2015 ஜனவரியில் சீனா, தைவான் நீரிணையில் இரு தரப்பையும் பிரிப்பதாகக் கருதப்பட்ட நடுக்கோட்டுக்கு அருகே இந்தப் புதிய பாதையை அறிவித்தது. சொன்ன காரணம் கரையோரப் பாதையின் நெரிசல். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நடுக்கோட்டுக்கு மிக நெருங்கும் இடத்தில் பாதை அதிலிருந்து நான்கு கடல் மைல் சொச்சம்தான். மறுபக்கம் தைவான் விமானப்படை பயிற்சி எடுக்கும் பகுதிகள். தைவான் எதிர்த்தது. பேச்சுக்குப் பிறகு தொடக்கம் மார்ச் 5இலிருந்து 29க்குத் தள்ளிப்போனது, விமானங்கள் பாதையிலிருந்து 6 கடல் மைல் மேற்கே விலகிப் பறக்கும் என்றும் ஒத்துக்கொள்ளப்பட்டது. 2018இல் வடக்கு நோக்கிய போக்குவரத்தும் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் அந்த 6 மைல் விலகலையும் சீனா தானாகவே நீக்கிவிட்டது. ஆறு கடல் மைல் என்பது விமானத்துக்கு ஐம்பது நொடிக்கும் குறைவு. எதிர்ப்பக்கத்து ராடாரில் உட்கார்ந்திருப்பவருக்கோ, வருவது பயணிகள் விமானமா வேறா என்று தீர்மானிக்கும் அவகாசம் அது.

"சுற்ற வேண்டாம், பெட்டிக்கு மேலே பறக்கலாமே" என்றும் சிலர் கேட்பார்கள். பயிற்சிப் பகுதி என்றால் கேள்வி நியாயமானது. பல இடங்களில் அப்படித்தான் செய்கிறோம். சண்டை நடக்கும் இடம் என்றால் கூடவே கூடாது. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் 32,000 அடி வரை மூடியிருந்தார்கள். மலேசிய விமானம் எம்.எச். 17 விதிக்கு உட்பட்டு, 33,000 அடியில் பறந்தது. ஏவுகணை தாக்கி 298 பேர் இறந்தார்கள். பயிற்சிப் பெட்டியின் உச்சி என்பது உள்ளே இருப்பவர் கொடுத்த வாக்கு. போர்க்களத்துக்கு மேலே அப்படி வாக்குக் கொடுக்க யாரும் இல்லை.

உங்கள் செயலிக்கு வருவோம். நீங்கள் பார்க்கும் வளைவு ராணுவப் பெட்டியால் வந்ததா என்று நீங்களே சோதிக்கலாம். அதே விமானத்தின் தடத்தை ஒரு புதன்கிழமை பகலிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். வழக்கமான பயிற்சி பொதுவாக வார நாள்களில்தான் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை கோடு நிமிர்ந்திருந்தால் அங்கே நிபந்தனைப் பாதையோ, ஒரு தொலைபேசி அழைப்போ வேலை செய்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் அதே இடத்தில் அதே மாதிரி வளைந்தால் காரணம் பெரும்பாலும் வேறு: நிரந்தரமாக மூடிய பகுதியாக இருக்கலாம், எதிரே வரும் போக்குவரத்தைப் பிரிப்பதற்காக வேண்டுமென்றே வைத்த வளைவாகவும் இருக்கலாம். அந்த இரண்டாவது வகை வளைவை நிமிர்த்தச் சொல்லி யாரும் கேட்கக்கூடாது. சர்க்கி தாத்ரிக்குப் பிறகு அதை வளைத்து வைத்ததே நாங்கள்தான்.